பிரிட்ஜுக்குள் இருந்த வாத்தியக்குழு

மோர்னிங்சைட்டில் அன்புராசா வீட்டுப் பழைய பிரிட்ஜுக்குள் பதினொரு வருடமாக ஒரு வாத்தியக்குழு குடியிருந்தது. மேல் தட்டில் வயலின்கள், நடுவில் வியோலாக்கள், கீழே மரக்கறி இழுப்பறையான லாச்சியில் செலோக்கள். அவன் மனைவி ஏஞ்சலா, முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, தனிப் புல்லாங்குழலுக்கும் வாத்தியக்குழுவுக்குமாக முந்நூறு வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட கொன்செர்ட்டோ ஒன்றைப் பழகத் தொடங்கிய அன்றே அவை சேர்ந்துகொண்டன. முதலில் அவை வாசிக்கும். பிறகு மோட்டர் ஒருமுறை செருமும். அதுதான் ஏஞ்சலா குழலோடு நுழையும் இடம். நத்தார் பண்டிகைக்கு றால், நண்டு என்று அடைத்தால் வயலின்கள் அமுங்கிவிடும் என்பதால், றாலையும் நண்டையும் பக்கத்து வீட்டு றீற்றாவிடம் கொடுத்து வைப்பாள். ஏன் என்று றீற்றாவும் கேட்டதில்லை. பழைய பிரிட்ஜ் என்றால் இப்படித்தான் சத்தம் போடும் என்று அன்புராசா நினைத்திருந்தான்.

ஐம்பத்து மூன்று வயதில் ஏஞ்சலாவை யூனியன்வில் வாத்தியக்குழு ஒன்று அதே கொன்செர்ட்டோவில் தனிக் குழல் வாசிக்க அழைத்தது. அன்புராசாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வருவார்கள். நம்மவர்கள் வந்தால் முதலில் குசினியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அவள் வேலைக்குப் போன நேரம் இரட்டைக் கதவு பிரிட்ஜ் வந்திறங்கியது. பழையது வோபர்னில் இருக்கும் அவன் சிநேகிதன் தியாகலிங்கத்தின் கராஜுக்குப் போனது.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?" என்றாள் ஏஞ்சலா.

"உனக்கு மரியாதையாய் இருக்கட்டும் எண்டுதானப்பா வாங்கினனான்."

ஒத்திகையில் யூனியன்வில் குழுவின் பதினான்கு பேரும் அருமையாக வாசித்தார்கள். ஆனால் ஒருவரும் செருமவில்லை. மூன்று முறை தொடங்கியும் ஏஞ்சலா நுழையாமல் குழலை உதட்டில் வைத்தபடி நின்றாள். சனிக்கிழமை கடைசி ஒத்திகையிலும் இப்படியென்றால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டிவரும் என்று குழுவின் இசை நடத்துனர் தன்மையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்தவள் கோட்டையும் கழற்றாமல் புதுப் பிரிட்ஜின் முன்னால் நின்று அழுதாள். அது மினுமினுவென்று பேசாமல் நின்றது. அன்புராசாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

சனிக்கிழமை அவன் பழையதை வான் வண்டியில் ஏற்றி வந்து, ஒத்திகை ஹோலில் செலோக்காரருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பிளக்கைச் செருகினான். செலோக்காரர் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். நடத்துனர் பிரிட்ஜுக்கும் ஒருமுறை தலையசைத்தார். எல்லோரும் வாசித்தார்கள், மோட்டர் செருமியது, ஏஞ்சலா நுழைந்தாள். பதினொரு வருடம் அந்த இசைக்குக் குறட்டை விட்ட மனிதன், பிளக் கழன்றுவிடாமல் பிடித்தபடி குந்தியிருந்து, மனைவியைப் பார்த்துக் கண் கலங்கினான்.

இடைவேளையில் றீற்றா சோடாப் போத்தல்களோடு வந்து பிரிட்ஜைத் திறந்தாள். தியாகலிங்கத்தின் மீன் பொதியை ஒதுக்கிவிட்டு மேலே நாலைந்தை அடுக்கினாள். மிச்சத்தோடு குனிந்தபோது அன்புராசா ஓடிவந்து தடுத்தான்.

"கீழ் லாச்சியிலை வைக்காதையுங்கோ றீற்றா. உள்ளை இருக்கிற செலோக்காரருக்கு இடைஞ்சல்."

"ஓம் ஓம்," என்று றீற்றா லாச்சியை மெதுவாக மூடினாள்.