நாக்கால் படித்த கல்

செத்துப்போன ஒரு பெண்மணியின் முழுப்பெயரையும் கல்லை நக்கியே படித்துச் சொன்னவன் நான். அதுவும் இருட்டில், மல்லாக்கப் படுத்த வாக்கில். வட ஜெர்மனியில் எங்கள் ஹோல்ஸ்டைன் முழுக்கச் சலித்தாலும் இப்படி ஒரு நாக்கு அகப்படாது. டென்மார்க்கையும் சேர்த்துச் சலித்தாலும் சந்தேகம்தான்.

எங்கள் பக்கம் சொந்தமாக ஒரு மலை கிடையாது. வயலில் ஏர் பட்டதும் எழும்பி வருகிற கல்லெல்லாம் ஒரு காலத்தில் பனிப்பாறை நார்வே, ஸ்வீடனிலிருந்து இழுத்துவந்து போட்டவை. எந்தக் கல் எந்த மலையின் பிள்ளை என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் கல் சங்கத்தின் வேலை. காய்ந்த கல் அத்தனைக்கும் ஒரே சாம்பல் மூஞ்சி. ஈரம் பட்டால்தான் நிறம் காட்டும். அதனால் நக்குவோம். சர்ச்சுக்குப் போட்ட கோட்டோடு மண்டியிட்டும் நக்கியிருக்கிறோம்.

நக்காத ஒரே ஆள் சங்கத் தலைவர் எக்பெர்ட் தீசன். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். செடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் குப்பியை இடுப்பில் துப்பாக்கி மாதிரி செருகிக்கொண்டு அலைவார். அவர் மூக்கு இருக்கிற உயரத்துக்கு, ஜில்லாவில் எங்கே மழை பெய்தாலும் முதல் சொட்டு அதன்மேல்தான் விழும்.

ஏரிப் பூங்காவில் நாங்கள் கண்டெடுத்த கற்களை வரிசையாக நட்டுக் கற்பாதை போட்டோம். பாதையின் முகப்பில் யாருடைய கல் நிற்கிறதோ, வருகிறவர்களை அழைத்துப்போய்ப் பேசுகிற உரிமை அவருக்கு. இது சங்கத்து வழக்கம். அந்த உரிமை இல்லாவிட்டால் நான் செத்தே போவேன். நான் பல் வைத்தியனாக இருந்தவன். எதிராளி வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடக்க, நாள் முழுக்கப் பேசியே பழகியவன். ஓய்வுபெற்றபின் நாய்கூட என் பேச்சுக்கு நிற்பதில்லை.

நான் கொண்டுபோனது பால்டிக் கடலில் உள்ள ஓலாந்துத் தீவின் சிவப்புக் கல். தீசன் கொண்டுவந்தது ஓடைக்கரையில் கிடந்த கருநீலக் கல். வெயில் பட்டால் உள்ளே மீன் செதிள் மாதிரி மின்னும்.

"இது நார்வேயோட லார்விக் கரைக்கல், கல்லுக்கெல்லாம் ராஜா! பனி தோள்ல தூக்கிட்டு வந்தது. உங்க கல்லு பீட்ரூட் போட்டுப் பிசைஞ்ச லாப்ஸ்கௌஸ் கறிக்கூழ் மாதிரி இருக்கு, டாக்டர். தட்டுல வச்சுச் சாப்பிடுங்க."

சங்கம் அவர் கல்லுக்கே கை தூக்கியது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் விவசாயி ஹின்னெர்க் தன் டிராக்டரில் அந்த ராஜாவைக் கொண்டுவந்து இரண்டு மரக்கட்டைகள்மேல் கிடத்தினார். குனிந்து பார்த்தேன். உருண்டு வந்த கல்லுக்கு வயிறு உருண்டிருக்க வேண்டும். இதற்கு மேசைப் பலகை மாதிரி தட்டை. சட்டென்று படுத்துத் தலையை உள்ளே விட்டேன்.

"என்ன டாக்டர், சொத்தை தேடுறீங்களா?"

"வாயைத் தொறந்துட்டுக் கெடக்கு, பாக்காம போக மனசு வரல தலைவரே."

உள்ளே கும்மிருட்டு. பையில் டார்ச்சோடு ஆள் அலையாத காலம் அது. நாக்கை வைத்தேன். பீங்கான் தட்டு மாதிரி வழுவழுப்பு. அப்புறம் ஒரு பள்ளம். அது வளைந்தது. பக்கத்தில் இன்னொன்று. என் தலைமயிர் சிலிர்த்த சிலிர்ப்பில் கல்லே ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

"ஆல்வினா கிளாசென்!" என்று கத்தினேன். "இங்கே இளைப்பாறுகிறாராம்!"

எங்கள் ஊரில் கல்லறை இடமெல்லாம் தவணைக்குத்தான். தவணை முடிந்து சொந்தக்காரர்கள் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பெயர்த்துவிடுவார்கள். அது ஓடைக்கரை அரிக்காமல் இருக்க அடைகல்லாகப் போகும். முதுகைக் கரடுமுரடாக விட்டு, முகத்தை மட்டும் மெருகேற்றி எழுதுவது இங்கே நாகரிகம். தீசன் ஒரு வருஷமாக அந்த முதுகைத் தடவித் தடவி மகிழ்ந்திருக்கிறார்.

"அது பனி உரசின கீறல்," என்றார் அசையாமல். "பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"பனிக்கு எழுத்துக் கூட்டி எழுத யாரு சொல்லிக்கொடுத்தா? நீங்களா?"

ஹின்னெர்க் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "தூக்கிப் புரட்டிடவா?"

"தொடக் கூடாது! ஒரு பல்லுப் புடுங்கி சொன்னான்னு சங்கத்தோட கல்லைப் புரட்டுறதா? நாக்கால எவனாவது படிப்பானா? வலிக்காது வலிக்காதுன்னு ஊரையே ஏமாத்தின வாய்யா அது!"

"அப்ப நீங்களே படுத்து நக்கிப் பாருங்க. சீக்கிரம், நான் மாடு கறக்கப் போகணும்," என்றார் ஹின்னெர்க்.

தீசன் கைக்குட்டையை விரித்தார். படுத்தார். உள்ளே நகர்ந்தார். முதலில் குப்பியைப் பீய்ச்சினார். அவ்வளவு தண்ணீரும் அவர் முகத்துக்கே திரும்பி வந்திருக்க வேண்டும், தும்மினார். வெளியே தெரிந்தது இரண்டு காலணிகள் மட்டும், வாத்தியார் நிற்பதுபோல விறைப்பாக. ஏரியில் வாத்துகள் நீந்துவதை நிறுத்திவிட்டன. அந்த நேரத்துக்குள் ஒரு பனிப்பாறை ஸ்வீடனுக்குப் போய்த் திரும்பியிருக்கும்.

பிறகு மெல்ல, நாய் தட்டை நக்குகிற சத்தம். காலணிகள் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்தன.

"தலைவரே, பனி என்ன எழுதியிருக்கு?"

மறுபடியும் நக்குகிற சத்தம்.

"நாளைக்கு ஜனங்கள யாரு கூட்டிட்டுப் போறது?" என்றார் ஹின்னெர்க். "அதச் சொன்னீங்கன்னா எந்தக் கல்ல நடணும்னு எனக்குத் தெரியும்."

"டாக்டரோட லாப்ஸ்கௌஸையே நடு," என்றது கல்லுக்கடியிலிருந்து ஒரு குரல். "பேருக்குக் கீழே கோதுமைக் கதிர் ஒண்ணு செதுக்கியிருக்கு, அதை இந்த ஆளு விட்டுட்டாரு. மத்தபடி... நாக்காலதான் படிச்சிருக்காரு. நெசம்தான்."