திருடனுக்கும் முதலாளிக்கும் ஒரே தோல்

பூட்டுக்கடை முதலாளியின் விளம்பரப் படத்துக்கு நிறங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அனிமேஷன் மாலை வகுப்பில் என்னிடம் கொடுத்தார்கள். படம் அவருக்குப் பிடித்துவிட்டால் எனக்குப் பகல் ஸ்டுடியோவில் வேலை என்று சார் சொல்லியிருந்தார். இல்லையென்றால் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடைதான். அவர் எனக்கான ஸ்டூலைக்கூடத் துடைத்து வைத்துவிட்டார்.

கதை எளிது. திருடன் பணப்பையோடு ஓடுகிறான். முதலாளி துரத்திப் பிடித்து, பையை மீட்டு, தன் கடைப் பூட்டைக் காட்டிச் சிரிக்கிறார்.

அனிமேஷன் மென்பொருளில் நிறங்களைப் பேலட் என்ற பெட்டியில் வைக்கிறோம். எல்லாக் காட்சிகளையும் ஒரே பெட்டியோடு இணைத்துவிட்டால், பெட்டியில் ஒரு நிறத்தை மாற்றினாலே போதும், படம் முழுக்க மாறிவிடும். ஒரே வேலைக்கு இரண்டு நிறம் வைப்பது எனக்கு ஆகாது. வீட்டில் அண்ணன் என்னை அளவுகோல் என்றுதான் கூப்பிடுவான். ஆகவே ‘தோல்’ என்று ஒரே நிறம் வைத்தேன். முதலாளிக்கும் அதுதான், திருடனுக்கும் அதுதான். சரியா தப்பா என்று பலமுறை யோசித்தேன். தோல் தோல்தானே என்று விட்டுவிட்டேன்.

திரையிடும் அன்று முதலாளி மனைவியோடு முன்னதாகவே வந்துவிட்டார். படத்தில் தன்னைக் கொஞ்சம் சிவப்பாக்கச் சொன்னார். நேரில் அவர் அப்படியில்லை. நமக்கெதற்கு வம்பு என்று மாற்றினேன். திருடனும் பளிச்சென்று ஆனான்.

"இவன் ஏம்மா மாப்பிள்ளை கணக்கா நிக்கிறான்? கறுப்பாக்கு" என்றார் முதலாளி.

ஆக்கினேன். முதலாளியும் கூடவே கறுத்தார்.

சார் பல்லைக் கடித்துக்கொண்டு இணைப்பை வெட்டச் சொன்னார். வெட்டினால் திருடன் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக வண்ணம் பூச வேண்டும், விருந்தினர்களோ படியேறிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப அவனைத் தூக்கிடுங்க" என்றார் முதலாளி. "படம் என்னைப் பத்தித்தானே."

காட்சியில் ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்கில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்போம்; திருடன் இருந்த அடுக்கை மறைத்தேன். பணப்பை வேறு அடுக்கில் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். எனக்கே தெரிந்தது சாருக்குத் தெரியாமலா இருக்கும் என்று மூடிக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது. ஆளில்லாத தெருவில் தானாகப் பறந்துகொண்டிருந்த பணப்பையைத் துரத்திக்கொண்டு முதலாளி ஓடினார். எட்டிப் பிடித்தார். மார்போடு அணைத்துக்கொண்டார். பூட்டைக் காட்டிச் சிரித்தார்.

முதலாளியின் மனைவி குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் கேட்டார்:

"யாரு பைங்க அது?"

பின்வரிசையிலிருந்து அவருடைய தம்பி, "பூட்டு வாங்குறவங்க ஜாக்கிரதை. இன்னொரு சாவி அத்தான்கிட்டயே இருக்கும் போல" என்றார். அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை.

விளக்கு எரிந்ததும் முதலாளி நேராக என்னிடம் வந்தார். என் கண்முன் ஸ்டூல் வந்து நின்றது.

"ஏம்மா, அந்தத் திருடனைத் திரும்பக் கொண்டு வர முடியுமா?"

முடியும், ஆனால் இரண்டு பேரும் ஒரே நிறத்தில்தான் இருப்பார்கள் என்றேன். அவர் மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார். மைத்துனர் இன்னும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருந்துட்டுப் போகட்டும். அவன் இல்லாம என்னை நல்லவன்னு யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

மறைத்த அடுக்கைத் திறந்தேன். திருடன் வந்துவிட்டான். முதலாளி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார், தலையாட்டினார். சார் என்னை நாளைக் காலையிலேயே வந்துவிடச் சொன்னார்.

சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்டூல் பாட்டுக்கு இருக்கட்டும், எதற்கும்.