அக்கா வைத்த பஞ்சு

தையற்கார அக்காவுக்கு ஊசி என்றால் பயமே கிடையாது. இருபது வருஷமாக ஊசியோடுதான் குடித்தனம். ஆனால் டாக்டரம்மா மேசைமேல் எடுத்து வைத்த நீளக் குழாயைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். சிகிச்சை கேட்டு வந்த தங்கையோ பக்கத்தில், ஏதோ புடவை எடுக்க வந்தவள் மாதிரி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வயித்துக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துப் பின்பக்கம் வைப்போம். தோலுக்கடியில மட்டும்தான். குழாய் ஆழமாப் போய்த் தசைக்குள்ள கொழுப்பு இறங்குச்சுன்னா, அங்க இருக்கற பெரிய ரத்தக்குழாய்ல ஏறி நுரையீரலை அடைச்சிடும். ஆபரேஷன் மேசையிலயே உயிர் போனவங்க இருக்காங்கம்மா. அதுக்காகத்தான் ஸ்கேன்ல பாத்துக்கிட்டே செய்றோம். ஆபத்து குறையும். இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?" என்றாள் தங்கை.

"கொஞ்ச வாரத்துக்கு நேரா உக்கார முடியாது. வெச்ச கொழுப்புல ஒரு பங்கு கரைஞ்சும் போயிடும். அழகு நிலையத்துல ஊசியாப் போடறோம்னு யாராவது சொன்னா, அந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்காதீங்க. சரி, இந்த ஆசை எத்தனை நாளா இருக்கு?"

"பதினாறு வயசுலேருந்து."

அக்காவுக்குச் சுருக்கென்றது.

"ஒரு மாசம் யோசிங்க. அப்பவும் வேணும்னா வாங்க" என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தாள்.

வழியெல்லாம் அக்கா வாய் ஓயவில்லை. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற கதையா இருக்கு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாருடி இருக்கா?" அம்மா போனபிறகு தங்கையை வளர்த்தவள் அக்காதான். அந்த உரிமையில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவாள்.

தையல் கடைக்கு வந்ததும் தங்கை, மறுநாள் ஹோட்டல் வரவேற்பு வேலைக்குப் போட வேண்டிய பேன்ட்டை எடுத்து மடித்தாள். அதைப் பார்த்ததும் அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. தங்கையின் பதினாறு வயசிலிருந்து பன்னிரண்டு வருஷமாக மூடிவைத்ததைக் கொட்டிவிட்டாள்.

"உன் பேன்ட் எல்லாத்துலயும் பின்பக்கம் உள்துணிக்குள்ள மெல்லிசாப் பஞ்சு வெச்சுத்தான் தைக்கறேன். உனக்குத் தெரியாது."

"தெரியும்க்கா."

"என்னது?"

"முதல் பேன்ட்டைத் துவைச்சப்பவே தெரியும். காயவே மாட்டேன்னுச்சு."

அக்காவுக்கு முகம் வெளிறியது. "ஒரு கல்யாண வீட்டுல நாலு பொம்பளைங்க உன்னைப் பத்திச் சிரிச்சாங்க. பலகை மாதிரி இருக்கான்னு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உன் காதுல விழக் கூடாதேன்னுதான்..."

"விழவே இல்லக்கா. அவங்க சிரிச்சதையே இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்." தங்கையின் குரல் உடைந்தது. "அக்காவே பஞ்சு வெக்கறான்னா எனக்கு என்னமோ குறைன்னு நானா நெனச்சுக்கிட்டேன். உனக்குத் தெரியாததா? நீ தையற்காரியாச்சே."

அக்கா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பைக் காப்பாற்றுகிறேன் என்று டாக்டரிடம் போனவள், மனசைக் கிழித்தது தன் ஊசிதான் என்று தெரிந்ததும் வெட்கம் பார்க்காமல் அழுதாள்.

"உன்கிட்ட ஒரு குறையும் இல்லடி. எனக்குத்தான் பயம்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று தங்கை அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஐந்து பேன்ட்களையும் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். "பிரி."

பஞ்சை எடுத்துவிட்டு முதல் பேன்ட்டைப் போட்டுப் பார்த்தால், பின்னால் தொளதொளவென்று தொங்கியது. பஞ்சுக்கென்று வெட்டிய துணி வேறெப்படி நிற்கும்? இருவருக்கும் அழுகையிலேயே சிரிப்பு வந்தது.

"ஒரு மாசம் இந்த உடம்போட இருந்து பாக்கறேன்க்கா. அதுக்கப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா?"

வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு நாக்கு துடித்தது. ஆனால், "கூட வரேன். ஸ்கேன் வெச்சுத்தான் செய்யறாங்களான்னு நானே குடைஞ்சு கேக்கறேன்" என்றாள்.

"சரி, இப்ப அளவு எடு. என் அளவு."

அக்கா டேப்பைச் சுற்றிப் பிடித்தாள். நோட்டில் பஞ்சுக்காகக் கூட்டி எழுதியிருந்த பழைய எண்ணை அடித்தாள். பக்கத்தில், வந்த அளவை ஒன்றும் கூட்டாமல் அப்படியே எழுதினாள்.