வால் வெளியே நிற்கும் முடிச்சு

முடிச்சை அவிழ்த்துவிடும்படி மாமா இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.

படகின் முன்கயிற்று நுனியில் கை நுழையும் அளவுக்கு ஒரு கண்ணி. போன செப்டம்பரில் படகைக் கரையில் கட்டும்போது என் மனைவி போக்னா போட்டது. நவம்பரில், ரொட்டிக் கடை வரிசையில் நின்றவள் அப்படியே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது இருபத்தொன்பது. அவளுடைய துணிகளை அவள் அம்மா எடுத்துப் போனாள். தலையணை உறையை நானே தெரியாமல் துவைத்துவிட்டேன். அவள் கை செய்ததில் கலையாமல் மிச்சம் இருந்தது இந்த முடிச்சுதான்.

போக்னா இடக்கைக்காரி. எல்லோரும் போடும் கண்ணி முடிச்சில் கயிற்றின் வால், அதாவது மிஞ்சும் நுனி, கண்ணிக்கு உள்பக்கம் விழும். அவளுடையதில் வெளியே நிற்கும். படகுச் சங்கத்து ஆட்கள் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"கண்ணாடியப் பாத்துக் கட்டினியாம்மா?"

"நிக்குதா இல்லையா? அத மட்டும் பாருங்க" என்பாள்.

ஒவ்வொரு மே மாதமும் போலந்தின் நிட்ஸ்கியே ஏரியிலிருந்து மிகோவாய்கி ஊருக்குப் படகைக் கொண்டுபோவோம். இந்த வருடம் அவள் இடத்தில் அவள் அப்பா, என் மாமா ரிஷார்ட் வந்தார். அறுபத்தாறு வயது. காலையிலிருந்து வெள்ளரி ஊறுகாயும் புகையிட்ட மீனும் தின்றுகொண்டு, போக்னாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்.

வழியில் ஒரு நீர்ப்பூட்டு இருக்கிறது. அந்தப் பக்கத்து ஏரி இரண்டு மீட்டர் தாழ்வு. படகுகளை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் கதவடைத்து, தண்ணீரை வடிய விடுவார்கள். சுவரில் இரும்பு வளையங்கள். கயிற்றின் ஒரு முனையைப் படகில் கட்டி, மறுமுனையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் பின்னால், மாமா முன்னால்.

"மாப்ள, இந்த முடிச்சு வளையத்துல மாட்டும்டா."

"மாட்டாது மாமா."

"அவுத்துட்டா நிம்மதி."

"மாட்டாது."

அவர் கண்ணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே நிற்கும் வாலைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அதை நசுக்கி, நெருக்கித் தள்ளித்தான் வளையத்துக்குள் நுழைத்தார். திரும்ப எப்படி வரும் என்று இருவருமே பேசவில்லை.

எங்களுக்குப் பின்னால் ஒரு வாடகைப் படகில் வார்சா நகரத்துக்காரர்கள் ஆறு பேர், கையில் பீர். மேலே ஆரஞ்சுச் சட்டை போட்ட பெண் ஊழியர் கத்தினார். "யாரும் கயித்தக் கட்டிப் போட்டுறாதீங்க! கையில புடிங்க! அண்ணே, உங்களத்தான், பீர வச்சிட்டுக் கயித்தப் புடிங்க!"

தண்ணீர் இறங்கியது. ஈரச் சுவர் உயர்ந்துகொண்டே போனது. பாதிக்கு மேல் இறங்கியபோது மாமாவின் கையில் கயிறு தீர்ந்துவிட்டது. நீளமான கயிறு வீட்டில் இருந்தது. நான் எடுத்து வரவில்லை. அவர் கண்ணியைக் கையிலிருந்து விட்டார். அது துள்ளி மேலே போய் வளையத்தில் இறுகிக்கொண்டது.

படகின் மூக்கு நின்றுவிட்டது. பின்பக்கம் மட்டும் இறங்கியது.

"என்னண்ணே, படகக் கொடியில காயப் போடுறீங்களா?" பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மாமா குனிந்து, முன்தளக் கட்டையில் சுற்றியிருந்த கயிற்றைத் தளர்த்தப் பார்த்தார். படகு ஒரு குலுங்கு குலுங்கியது. சுற்று இறுகியது. அவர் விரல்கள் உள்ளே இருந்தன.

அப்படி ஒரு சத்தத்தை நான் அவரிடம் கேட்டதில்லை. மகளை அடக்கம் செய்த அன்றுகூட.

"தண்ணிய நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"பட்டன அமுக்கிட்டேன்! மதகு மூட அரை நிமிஷம் ஆகும்! கயித்த வெட்டுங்க!" என்றார் அந்தப் பெண்.

பாலங்களுக்கு அடியில் போவதற்காகப் பாய்மரத்தைச் சாய்த்துப் படகின் மேல் நீளமாகக் கிடத்தியிருந்தோம். ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு அதற்கடியில் தவழ்ந்தேன். தளம் கூரை மாதிரி சாய்ந்திருந்தது. இரண்டு முறை சறுக்கினேன். பின்னால் சிரிப்பு நின்றிருந்தது.

"வெட்டுடா," என்றார் மாமா. முகம் சுண்ணாம்பாக இருந்தது. "மாப்ள, வெட்டுடா."

கயிறு கம்பி போல விறைத்திருந்தது. மேலே பார்த்தேன். கண்ணி வளையத்தில் சிக்கியிருந்தது. அதன் வால் வெளியே நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. மாமா பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வெட்டினேன். மூன்றாவது இழுப்பில் அறுந்தது. மூக்கு தண்ணீரில் அறைந்து விழுந்தது. மாமா கையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவிரலும் மோதிரவிரலும் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தன. துண்டைச் சுற்றினேன். சிவந்தது. இன்னொன்று சுற்றினேன்.

"ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்," என்றார் மேலே நின்ற பெண். "கதவு தொறந்ததும் வெளிய படகு மேடையில கட்டுங்க."

"அந்தக் கயிறு எனக்கு வேணும்."

"தரேன், இருங்க."

அவர் சுவர் விளிம்பில் குப்புறப் படுத்து வளையத்தை எட்டினார். இடுப்பிலிருந்து முடிச்சு அவிழ்க்கும் கூர் ஆணி ஒன்றை எடுத்து முடிச்சுக்குள் செருகினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கையை மட்டும் நீட்டினேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பேன்?

அவர் என் முகத்தைப் பார்த்தார். "கவலப்படாதீங்க, வெட்ட மாட்டேன். நல்ல கயிறு."

பொறுமையாக நெம்பினார். வால் உள்ளே போனது. கண்ணி விரிந்தது. அது வெறும் கயிறாகி வளையத்திலிருந்து உருவிக்கொண்டு வந்தது. அழகாகச் சுருட்டி என் கையில் விழும்படி போட்டார்.

"நன்றி," என்றேன்.

கதவு திறந்தது. வெளியே, மேடையில் கட்ட முன்கயிறாக வேறு எதுவும் இல்லை. அந்தக் கயிற்றையே எடுத்தேன். முடிச்சு இருந்த இடத்தில் நெளிவுகள் அப்படியே இருந்தன. எட்டு மாத நெளிவுகள். அவற்றைப் பின்தொடர்ந்தால் போதும் என்று நினைத்தேன். இடக்கையில் நுனியைப் பிடித்து ஒரு வளைவு போட்டேன். அடியிலிருந்து மேலே, பிறகு சுற்றி. கழன்று விழுந்தது. மறுபடி போட்டேன். கழன்றது. இழுக்க இழுக்க நெளிவுகள் நிமிர ஆரம்பித்தன. மேடையிலிருந்து படகு விலகிக்கொண்டிருந்தது.

"அவ எப்படிப் போடுவா மாமா?"

"தெரியாதுடா."

"நீங்க பாத்திருப்பீங்கல்ல? சின்ன வயசுல?"

"பாத்தேன். கேலி பண்ணேன். கத்துக்கல." துண்டிலிருந்து ரத்தம் தளத்தில் சொட்டியது. "மாப்ள, கை போகுதுடா. எதையாவது ஒண்ணக் கட்டு."

சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கயிற்றை வலக்கைக்கு மாற்றினேன். எனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டு, மேடைக் கட்டையில் மாட்டி இழுத்தேன். இறுகியது. படகு நின்றது.

வால் உள்பக்கம் விழுந்திருந்தது.