வண்டி வராத பாதை

“கால் பக்கம் இன்னும் தூக்குங்க” என்றார் வனக் காவலர். கடைசி இறக்கத்தில் ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. அப்பாவின் முகத்தை மூடியிருந்த துப்பட்டா நழுவாமல் அவள் பிடித்துக்கொண்டாள்.

காலையில் ஏரிக்கரைப் பாறையில் வழுக்கி விழுந்தபோதுகூட அப்பாவுக்கு வாய் ஓயவில்லை.

“கேட்ல உங்க தம்பி ஜீப் நிக்குதும்மா. திறந்து வரச்சொல்லட்டுமா?” என்று காவலர் அவளைத்தான் கேட்டார். பதில் அப்பாவிடமிருந்து வந்தது.

“இடுப்புதானே பிசகியிருக்கு. இந்தக் காட்டுக்கு யார் வேணா நடந்து வரலாம், வண்டி மட்டும் வரக்கூடாதுன்னு பாதி ஆயுசு அலைஞ்சு சட்டம் வாங்கினவன் நான். எனக்கே திறந்தா நாளைக்கு ஊருக்கெல்லாம் திறக்கணும். தூக்குங்கப்பா.”

“கொஞ்சம் இளைச்சிட்டு விழுந்திருக்கலாம்ல சார்” என்றான் தூக்க வந்தவர்களில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

பாதி வழியில் தண்ணீர் கேட்டார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

அவர் முகம் வெளுத்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது திறக்கச் சொல்லியிருக்கலாம். காட்டை நினைத்தா வாயை மூடிக்கொண்டாள்? இல்லை, முறைப்பாரே என்றுதான். தலை நரைத்த பிறகும் அந்த முறைப்புக்குப் பயம். அவர் வேண்டாமென்றது வண்டியையா, வண்டி ஓட்டுபவனையா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. சுற்றுலாக்காரர்களை ஏற்றவென்று தம்பி ஜீப் வாங்கிய நாளிலிருந்து அப்பா அவனோடு பேசியதில்லை.

கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம், ஜீப்பின் பின்கதவைத் திறந்துவைத்துத் தம்பி நின்றிருந்தான். முதலில் துப்பட்டாவைப் பார்த்தான். பிறகு அவளை.

“காலைலேர்ந்து இங்கதான்க்கா நிக்கறேன். கூப்பிட்டிருந்தா ஒரே ஓட்டமா மேல வந்திருப்பேன்.” குரல் உயரவில்லை. “வேணாம்னது யாரு? அவரா?”

காவலர் வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“நான்தான்.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காவலர் சாவியை எடுத்துப் பூட்டருகே போனார்.

“இனிமே எதுக்கு?” என்றான் தம்பி.

பூட்டியிருந்த கம்பிக்கதவின் மேல் நெஞ்சைச் சாய்த்து, இரண்டு கைகளையும் நீட்டி, அப்பாவின் தலைப்பக்கத்தை வாங்கிக்கொண்டான். நேற்று அப்பா கதவுக்கு அடித்த பச்சை பெயின்ட் குளிரில் இன்னும் காயவில்லை.

அவள் கதவோரம் ஓர் ஆள் மட்டும் நுழையும் சந்து வழியாக வந்து, ஜீப்பின் பின்னால் ஏறி அப்பாவின் பாதங்களுக்கருகே உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்த தம்பி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். நெஞ்சுக்குக் குறுக்கே பச்சையாக ஒரு பட்டை. துடைக்கவில்லை. ஜீப்பை மெதுவாக எடுத்தான்.