தஸ்தகீர் கடையில் அட்ஜஸ்ட்

அட்ஜஸ்ட் என்கிற வார்த்தையைத் தருமபுரிக்கு எவன் கொண்டுவந்தானோ அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று ஷகிலா நினைத்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்தவரை அவர்கள் வீட்டுக்குள் அது நுழைந்தது அப்பாவின் தராசுக்கடை வழியாகத்தான். வீட்டின் முன்னறைதான் கடை.

அப்பா தஸ்தகீர் தராசு ரிப்பேர்க்காரர். வீசை போய்க் கிலோ வந்த புதிதில், முத்திரை குத்த வந்த இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தராசாகத் தூக்கிப் பார்த்து, "அட்ஜஸ்ட் பண்ணு" என்று இவர் பக்கம் தள்ளிவிடுவார். எந்தத் தட்டு லேசாக இருக்கிறதோ அதன் அடியில் கொஞ்சம் ஈயத்தை உருக்கி ஒட்டி, இரண்டையும் சமமாக நிற்கவைக்க வேண்டும். அதுதான் அட்ஜஸ்ட். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. சனியன், அதற்குக் கால் முளைத்துவிட்டது. அரிசி பற்றாத நாளில் அம்மா ஜான் பீ அட்ஜஸ்ட் பண்ணினாள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் மற்றவர்களை அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னான். கடைசியில் பார்த்தால், நகர்ந்து இடம் கொடுக்கிறவர்களிடம் மட்டும் சொல்கிற வார்த்தையாகப் போய்விட்டது. இடிக்கிறவனிடம் அதை ஒருத்தரும் சொல்வதில்லை.

தராசு விஷயத்தில் மட்டும் தஸ்தகீர் பொல்லாத ஆள். தண்டே கோணலான கள்ளத் தராசு கடைக்குள் வந்தால் திரும்பப் போகாது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுங்க பாய்" என்று மண்டிக்காரர்கள் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். அப்படிப்பட்ட தராசுகள் சுவரில் கொக்கி கொக்கியாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஷகிலாவைப் பாப்பாரப்பட்டியில் புளி வியாபாரம் செய்யும் நூர் பாஷாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கன்னம் வீங்கி அவள் வந்து நின்றபோது, "புது இடம், அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றாள் அம்மா. அடுத்து பல் உடைந்து வந்தபோது, "ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும். நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார்.

இந்த முறை, குழம்பில் உப்புக் கூடியதற்காக நூர் பாஷா கரண்டியை அடுப்பில் காயவைத்து அவள் உள்ளங்கையில் அழுத்தியிருந்தான். விடிந்ததும் அவள் கிணற்றடிக்குத்தான் போனாள். பக்கத்து வீட்டு ராமக்காள் தண்ணீர் சேந்த வந்து, பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டு, கையைப் பிடித்து இழுத்துப்போய் தருமபுரி பஸ்ஸில் உட்காரவைத்தாள். அதனால்தான் உயிரோடு வந்து சேர்ந்தாள்.

அம்மா கையைப் பார்த்து அழுதாள், மருந்து போட்டுத் துணி சுற்றினாள், மூக்கைச் சிந்திவிட்டு அதே பாட்டைத் தொடங்கினாள்.

"உனக்குக் கீழ ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கிறா. நீ வாழாவெட்டியா வந்து உக்காந்தா அவள யாரு கேப்பா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணு."

"அந்த வூட்டுக்குப் போனா நான் செத்துப்போயிடுவேம்மா."

"அப்பிடியெல்லாம் பேசக் கூடாது."

இனி யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த தடவையும் ராமக்காள் வருவாள் என்று என்ன நிச்சயம்?

மத்தியானம் நூர் பாஷா கடைக்குள் வந்தான், ஒரு கையில் மைசூர்பாகுப் பெட்டி, மறு கையில் அவன் கடைத் தராசு. ஷகிலா உள்கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"வாங்க மாப்ள" என்றார் தஸ்தகீர்.

"முத்திரை இன்ஸ்பெக்டர் வர்றாராம் மாமா. இதக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க. அப்பிடியே இவளயும் கூட்டிட்டுக் கெளம்பிடறேன்."

தஸ்தகீர் உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுத்தார். அம்மா ஷகிலாவுக்கென்று கட்டிவைத்த துணிப்பையைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் காலருகே வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஷகிலா கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

தஸ்தகீர் ஈயச்சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தராசைத் தூக்கிப் பிடித்தார். வெறுந்தட்டில் முள் நேராக நின்றது. ஒரு தட்டில் கிலோக் கல்லை வைத்து, முள் மறுபடி நேராகும்வரை மறு தட்டில் வீட்டுப் புளியைப் போட்டார். பிறகு கல்லையும் புளியையும் தட்டு மாற்றி வைத்தார். ஒரு பக்கம் சட்டென்று இறங்கிவிட்டது.

"தண்டுல ஒரு பக்கம் நீளம்" என்றார். "வேணும்னே பண்ணியிருக்கு."

நூர் பாஷா சிரித்தான். "யாவாரம்னா முன்னப்பின்னத்தான் மாமா இருக்கும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க. நீங்க பண்ணாத அட்ஜஸ்ட்டா?"

மகளின் பல்லுக்கே வளைந்து கொடுத்த மனுஷன், புளித் தராசுக்கா முறைக்கப்போகிறார் என்று அவன் நினைத்துவிட்டான். அங்கேதான் கணக்குத் தப்பியது.

"தராசுல மட்டும் எங்கிட்ட அந்தப் பேச்சு வேணாம் மாப்ள. இது வெளிய போனா நாலு பேரு வயித்துல அடிக்கும்." எழுந்துபோய்த் தராசைக் கொக்கியில் மாட்டினார்.

ஷகிலா அதைப் பார்த்தாள். எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, கடைக்குள் வந்து கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"அப்பா, அந்தத் தராசு போனா யாருக்கோ கொஞ்சம் புளி கொறையும். அதுக்கே வுட மாட்டேங்கறீங்க. நான் போனா பொணமாத்தாம்பா வருவேன். என்ன மட்டும் எப்பிடி அனுப்பறீங்க?"

அதுவரை அவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கரண்டியின் வட்டம் அப்படியே பதிந்திருந்தது. அவர் உதடு கோணியது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நூர் பாஷா பையைத் தூக்கினான்.

தஸ்தகீர் அவன் கையிலிருந்து பையை வாங்கினார். தராசுக்குப் பக்கத்தில் இருந்த காலிக் கொக்கியில் அதையும் மாட்டினார்.

"இன்னொரு பொண்ணு இருக்குதுங்க" என்று உள்ளேயிருந்து ஜான் பீ குரல் கொடுத்தாள்.

"தெரியும்" என்றார் அவர்.

நூர் பாஷா கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தான். பிறகு, கொண்டுவந்ததில் மைசூர்பாகுப் பெட்டியை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.