நீல வட்டம்

திரையின் நடுவில் அந்தச் சின்ன நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரோண்டா காப்பி வடித்து, பால் ஊற்றி, பாதிக் கோப்பையைக் குடித்தும் முடித்துவிட்டாள். வட்டம் நின்றபாடில்லை. மேசைக்கடியில் இருந்த கணினிப் பெட்டி மட்டும் மலையேறுகிறவனைப் போல இரைத்துக்கொண்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு அவள் கணவன் ஆர்வோவுக்கு நேர்காணல், இதே திரையில். ஏரிக்கரையில் இருந்த ஆலை இலையுதிர் காலத்தில் மூடப்பட்ட பிறகு அவனுக்கு வந்திருக்கும் முதல் அழைப்பு. மருத்துவமனையின் கொதிகலன் அறையில் வேலை. முந்தின நாள் சோதனைக்காக ரோண்டாவின் தங்கை ஷெல்லி வின்னிபெக்கிலிருந்து அழைத்துப் பார்த்தபோது, ஆர்வோவின் முகம் வாய் பிளந்தபடி உறைந்து நின்றுவிட்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சொல் வந்து இரண்டு சொல் காணாமல் போனது. அதற்காகவே பள்ளிக்கூடச் சமையலறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு இப்போது இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆர்வோ அடுப்புப் பக்கம் நின்று ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டான். இரண்டு தடவை ஆயிற்று என்றாள். அப்படியானால் அதற்கு வயதாகிவிட்டது, விட்டுவிடு என்றான். காலையிலிருந்து அவன் சொன்னதெல்லாம் விட்டுவிடு என்பதாகவே இருந்தது. அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு இயந்திரத்தின் மேல் இருந்த எரிச்சல் மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்தது.

ஷெல்லியைக் கைப்பேசியில் பிடித்துக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். என்னென்ன ஓடுகிறது, எது அதிகம் தின்கிறது என்று பார்க்கச் சொன்னாள் ஷெல்லி. பார்த்தால், ஒன்றுக்கு மூன்று வைரஸ் தடுப்பு நிரல்கள். மூன்றும் ஒரே கோப்பைத் திறந்து ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு, ஒரு வீட்டுக்கு மூன்று மாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஆலை மூடிய பிறகு ஆர்வோதான் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறான். முதலாவது சரியில்லையோ என்று இரண்டாவது, இரண்டாவதை நம்பலாமா என்று மூன்றாவது. இரண்டை நீக்கினாள். ஒவ்வொன்றும் போகும்போது, எங்களை விட்டுப் பிரிய வேண்டுமா, நன்றாக யோசித்தீர்களா, காரணம் என்ன என்று கேள்வி மேல் கேள்வி கேட்டது. ரோண்டா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்தினாள்.

அணைத்துத் திரும்பப் போட்டாள். வட்டம் சுற்றியது. கணினியின் வன்வட்டில் இடம் இருக்கிறதா என்று ஷெல்லி கேட்டாள். இருந்த இடமெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. ஊசி போட இடமில்லை. எது இப்படி அடைத்திருக்கிறது என்று தேடிப்போனால், 'மூஸ்' என்று அந்தப் பெரிய கொம்புக் காட்டுமானின் பெயரில் ஒரு தொகுப்பு. திறப்பதற்கே ஒரு யுகம் ஆயிற்று.

ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் ஒரு மரத்தில் ஆர்வோ கேமரா கட்டியிருந்தது அவளுக்குத் தெரியும். ஏதாவது அசைந்தால் அது தானாகப் படம் பிடிக்கும். அவன் அடிக்கடி போய்ப் படங்களை எடுத்து வருவான். ஆனால் இத்தனை இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஒன்றைத் திறந்தாள். காற்றில் ஒரு கிளை ஆடியது. இன்னொன்றிலும் அதே கிளை. அடுத்ததில் பனி பெய்தது. ஷெல்லியிடம் பிறகு பேசுகிறேன் என்று கைப்பேசியை வைத்தாள்.

"இதுல மூஸ் எங்க இருக்கு, ஆர்வோ?"

"இன்னும் எல்லாத்தையும் பாக்கல."

"பாத்த வரைக்கும்?"

"ஒரு முயல் வந்துச்சு." ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "தெளிவா இல்ல."

அவள் சிரித்திருப்பாள், வேறொரு நாளாக இருந்திருந்தால். எல்லாவற்றையும் அழித்தால்தான் இந்தப் பெட்டி மூச்சுவிடும் என்றாள். வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு அழி என்றான். எடுத்து வைப்பதற்கு இந்த வேகத்தில் பொழுது சாய்ந்துவிடும் என்றாள். அப்படியானால் நேர்காணலை இன்னொரு நாளைக்கு மாற்றச் சொல்லிவிடலாமே என்று அவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னபோது, அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"உனக்கு இது சரியாகணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

அவன் கத்தியைக் கழுவினான். துடைத்தான். இழுப்பறையில் வைத்தான்.

"சரியாகி என்ன ஆகப்போகுது? இத்தன வருஷம் என்ன பண்ணினீங்கன்னு கேப்பாங்க. ஆலையில மூணாம் மெஷின ஓட்டினேன்னு சொல்லணும். சத்தத்த வச்சே அதுக்கு என்ன கோளாறுன்னு சொல்லுவேன். அத அறுத்து, லாரில ஏத்தி, இரும்புக்கு அனுப்பிட்டாங்க. அத ஒரு சின்னப் பொண்ணுகிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்து எப்படிடி சொல்றது?"

ரோண்டாவுக்கு அவனை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, காப்பிக் கோப்பையை எடுத்து வீசவும் தோன்றியது. எது முந்தும் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் திரும்பி உட்கார்ந்தாள். அத்தனை படங்களையும் தேர்ந்தெடுத்தாள். அவன் பின்னால் வந்து நிற்பது மூச்சில் தெரிந்தது. தடுக்கட்டும் என்று கொஞ்சம் காத்தாள். தடுக்கவில்லை. அழித்தாள். கிளைகளும் பனியும் அந்த முயலும் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. அவனுடைய குளிர்காலப் பகல்கள் முழுவதையும் தூக்கிக் குப்பையில் போடுகிறோம் என்று அவளுக்கு உறைத்தபோது பாதிக்கு மேல் போயிருந்தது.

இன்னொரு தடவை அணைத்துப் போட்டதும், இரைச்சல் அடங்கியது. தொட்டால் திறந்தது. அவள் வேண்டுமென்றே இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்து மூடிப் பார்த்தாள். ஆர்வோவைத் திரும்பிப் பார்த்து, உள்ளே போய் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள் என்றாள். அவன் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டு வந்தான். தலைகூட வாரியிருந்தான். நாற்காலி வரை வந்தவன், வாசல் பாதையில் பனி அப்படியே கிடக்கிறது, தபால்காரர் விழுந்துவிடுவார் என்று சொல்லி, சட்டைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு மண்வாரியோடு வெளியே போய்விட்டான்.

காலையிலேயே தள்ளி முடித்த பாதை அது.

இரண்டு மணிக்குக் கணினியில் அழைப்பு மணி அடித்தது. ரோண்டா ஜன்னலைத் தட்டினாள். அவன் முதுகு திரும்பவில்லை. மணி இரண்டாம் தடவை அடித்தபோது, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டாள். ஒரு சிறு தயக்கம்கூட இல்லாமல் இளம்பெண் ஒருத்தி பளிச்சென்று திரையில் வந்தாள். கழுத்துச் சங்கிலியின் கண்ணிகூடத் தெரிந்தது. மூலைக் கட்டத்தில் ரோண்டாவின் முகம், சமையலறைத் துணி தோளில் கிடக்க.

"வணக்கம்மா. ஆர்வோ லெட்டோனென் இருக்காரா?"

"இருக்காரு." ரோண்டா துணியைத் தோளிலிருந்து இழுத்து மடியில் வைத்தாள். "எங்க கம்ப்யூட்டர் கொஞ்சம் ஸ்லோ. ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க."

அந்தப் பெண் அவசரமில்லை என்றாள். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல அத்தனை தெளிவாக இருந்தது.

ரோண்டா எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. பாதையின் கோடியில் ஆர்வோ மண்வாரியைப் பனியில் நட்டு அதன் பிடியில் இரு கைகளையும் வைத்து நின்றிருந்தான். திறந்த கதவை ஒருமுறை பார்த்தான். பிறகு வலது கையுறையைக் கழற்றி, கோட்டுக்கடியிலிருந்து எட்டிப்பார்த்த வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானை, விறைத்த விரல்களால் போட முயன்றுகொண்டிருந்தான்.